நெட் பெட்டியில் சிவப்பு லைட் மினுக்குதா? கோளாறு ரோட்டில் இல்லை, ரேக்குக்குள் இருக்கலாம்!

ராத்திரி 8 மணி. கிரிக்கெட்டோ, சீரியலோ, பிள்ளைகளின் ஆன்லைன் டெஸ்ட்டோ... பாதியில் சுற்ற ஆரம்பிக்கிறது. எழுந்து போய் வைஃபை பெட்டியைப் பார்த்தால், 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "ஃபைபர் கட் சார். ஆள் பார்த்துட்டு இருக்காங்க."

எங்கே கட்? யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜே.சி.பி. தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கலாம். உயரமான லாரி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். இதெல்லாம் நடப்பதுதான். ஆனால், கேபிள் எங்கேயுமே அறுபடாமல் இந்தச் சிவப்பு விளக்கு எரிய முடியும். அந்த விளக்குக்கு அர்த்தம், 'என்னிடம் வரவேண்டிய வெளிச்சம் வரவில்லை' என்பது மட்டும்தான். வெளிச்சம் வழியில் எங்கே தொலைந்தது என்பது அதற்குத் தெரியாது.

தொலையும் இடம் பல நேரம் நடுரோடு அல்ல. கேபிள் போய்ச் சேர்கிற முனை. அதாவது, ஆபரேட்டர் அறையிலோ, அபார்ட்மென்ட் லிஃப்ட் பக்கத்திலோ, தெருமுனைக் கம்பத்திலோ இருக்கும் ரேக் அல்லது பெட்டி. அங்கே ஃபைபரை எப்படி முடித்தார்கள், எப்படி அடுக்கினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நெட் பத்து நிமிஷத்தில் வருமா, மறுநாள் மதியம் வருமா என்பது.

முடியை விட மெலிசு

பழைய டெலிபோன் வயர் என்றால் கதையே வேறு. அறுந்தால் இரண்டு முனையையும் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றினால் பேச்சு கேட்டுவிடும். ஃபைபரில் அந்த வேலை நடக்காது. உள்ளே இருப்பது கண்ணாடி.

அந்தக் கண்ணாடி இழையின் தடிமன் 125 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் வெளிச்சம் ஓடுகிற நடுப்பகுதி சுமார் 9 மைக்ரான்தான். தலைமுடி இதைவிடப் பல மடங்கு தடிமன். இரண்டு ஃபைபர்களை ஒன்றோடு ஒன்று சேர்ப்பது என்றால், இந்த 9 மைக்ரானும் அந்த 9 மைக்ரானும் நேருக்கு நேர் உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் வெளிச்சம் பக்கவாட்டில் சிதறிவிடும்.

எவ்வளவு சிதறியது என்பதை டெசிபல் கணக்கில் சொல்கிறார்கள். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்: 3 டெசிபல் போனால் வெளிச்சத்தில் பாதி போச்சு. இன்னொரு 3 போனால் மிச்சத்தில் பாதி.

கண்ணாடியைக் குறை சொல்லவே முடியாது. 1966-ல் இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், கண்ணாடியைச் சுத்தமாக்கினால் தகவல் அனுப்பலாம் என்று ஆய்வுக்கட்டுரை எழுதியபோது, கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்குள் இழப்பைக் கொண்டு வந்தாலே பெரிய விஷயம் என்று இருந்தது. அதற்காக 2009-ல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்றைக்கு ஓடும் ஃபைபரில் கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 முதல் 0.35 டெசிபல். பத்து கிலோமீட்டர் தாண்டி வந்த வெளிச்சத்தை, கடைசியில் ரேக்குக்குள் இருக்கும் ஒரு அழுக்குக் கனெக்டர் காலி செய்துவிடலாம். வேடிக்கை இல்லை, நிஜம்.

கேபிள் வந்து சேர்ந்தாச்சு, அப்புறம்?

ரேக் என்பது 19 இன்ச் அகலத்துக்குத் துளை போட்ட இரும்புச் சட்டம். இதில் உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். ஒரு 'யு' என்றால் 1.75 இன்ச். வெளியிலிருந்து வரும் தடித்த கேபிள் நேராக ரவுட்டருக்குள் போகாது. முதலில் 'எல்.ஐ.யு.' என்று டெக்னீஷியன்கள் சொல்கிற தட்டைப் பெட்டிக்குள் போகும். ஒரு 'யு' உயரப் பெட்டியிலேயே 24 போர்ட் வைக்கலாம்.

அந்தப் பெட்டியின் பின்பக்கம்தான் முதல் வேலை. கேபிளின் கறுப்பு உறையைச் சீவினால், உள்ளே இழுவையைத் தாங்குவதற்கென்று ஒரு விறைப்பான கம்பியோ நூல் கற்றையோ இருக்கும். அதைப் பெட்டியின் சட்டத்தோடு திருகி இறுக்க வேண்டும். யாராவது வெளியே கேபிளில் கால் தட்டி இழுத்தால், அந்த இழுவை இந்தத் திருகோடு நின்றுவிட வேண்டும், கண்ணாடிக்குப் போகக் கூடாது. அவசரத்தில் இதைச் செய்யாமல் விட்ட பெட்டிகள் ஊரெல்லாம் இருக்கின்றன. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும், வாசலில் ஒரு இழுப்பு, மொத்தமும் அவுட்.

கேபிளுக்குள் ஃபைபர்கள் கலர் கலராக இருக்கும். அது அழகுக்கு இல்லை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், ஆக்வா என்று 12 நிறங்களுக்கு ஒரு வரிசை உண்டு. 12-க்கு மேல் போனால், அந்த 12 ஃபைபரையும் ஒரு சின்னக் குழாய்க்குள் போட்டு, குழாய்க்கும் அதே வரிசையில் நிறம் கொடுப்பார்கள். 15-வது ஃபைபர் எது? ஆரஞ்சு குழாய்க்குள் இருக்கும் பச்சை. வரிசையை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு இது நொடிக்கணக்கு வேலை.

ஒட்டு போடும் வேலை

ரோட்டிலிருந்து வந்த ஃபைபரின் முனையில் கனெக்டர் கிடையாது. அதனால், தொழிற்சாலையிலேயே ஒரு முனையில் கனெக்டர் பொருத்தி, மெருகேற்றி வரும் 'பிக்டெயில்' என்கிற சிறிய ஃபைபர் துண்டை எடுத்து, அதன் மொட்டை முனையை ரோட்டு ஃபைபரோடு உருக்கி ஒட்டுவார்கள். இதற்குப் பெயர் ஸ்ப்ளைசிங்.

மேல் பூச்சை உரித்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, 'க்ளீவர்' என்ற கருவியில் வைத்து முனையைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். கத்திரிக்கோலால் வெட்டினால் கண்ணாடி நொறுங்கிய முனைதான் கிடைக்கும். வெட்டிய இரண்டு முனைகளையும் மெஷினில் வைத்தால், அது கேமராவில் பார்த்து இரண்டையும் நேராக நிறுத்தி, ஒரு மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். திரையில் 0.02, 0.03 என்று இழப்பு காட்டும். 0.1 டெசிபலைத் தாண்டினால் அறுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் நல்ல பழக்கம்.

ஒட்டிய இடத்தில் பூச்சு இருக்காது, தொட்டாலே உடையும். அதனால் அதன்மேல் ஒரு சின்ன ஸ்லீவை நகர்த்தி, சூடாக்கிச் சுருங்கவைப்பார்கள். இந்த ஸ்லீவை ஒட்டு போடுவதற்கு முன்பே கோத்துவிட வேண்டும், பிறகு நுழைக்க வழியில்லை. அதை மறந்துவிட்டு, நல்ல ஒட்டை மறுபடி அறுத்து ஆரம்பித்த அனுபவம் இல்லாத ஸ்ப்ளைசர் அபூர்வம்.

வெட்டிய கண்ணாடித் துணுக்குகள் இன்னொரு தலைவலி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. தோலில் ஏறினால் எடுப்பது கஷ்டம், கண்ணிலோ சாப்பாட்டிலோ போனால் ஆபத்து. மூடியுள்ள டப்பாவில் போட வேண்டியதைத் தரையில் உதறிவிட்டுப் போனால், அடுத்து அந்த அறையைக் கூட்டுபவருக்குத்தான் பாடு.

ஒட்டிய பிறகு ஃபைபரை அப்படியே விடக்கூடாது. 'ட்ரே' என்ற தட்டில் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வட்டமாகச் சுற்றிவைக்க வேண்டும். ஏன் இவ்வளவு மிச்சம்? நாளைக்கு ஒட்டு கெட்டுப்போனால் மறுபடி போட, ஒவ்வொரு தடவையும் சில சென்டிமீட்டர் வெட்டிப் போகும். மிச்சம் இல்லாத ட்ரேயில் இரண்டாவது ரிப்பேருக்கே இடம் இருக்காது. ஃபைபர் மெஷின் வரைக்கும் எட்டவும் வேண்டுமே!

அபார்ட்மென்ட்களில் சில நேரம் மெஷின் இல்லாமல், கையாலேயே மாட்டும் 'ஃபாஸ்ட் கனெக்டர்' போட்டுவிட்டுப் போவதுண்டு. சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் உள்ளே கண்ணாடி உருகிச் சேரவில்லை, அழுத்தத்தில்தான் நிற்கிறது. அசைந்தால் பிசகும். ஒரு வீட்டின் கடைசி முனையில் பரவாயில்லை. ஐம்பது வீட்டுக்குப் போகிற ரேக்கில் அது சரியான இடம் இல்லை.

பச்சையா, நீலமா?

கனெக்டரின் பிளாஸ்டிக் நிறத்தைக் கவனித்திருப்பீர்கள். நீல நிறம் என்றால் உள்ளே முனை கிட்டத்தட்ட நேராக மெருகேற்றப்பட்டிருக்கும். பச்சை என்றால் 8 டிகிரி சாய்வாக. அந்தச் சாய்வால், திரும்பி எதிரொலிக்கும் வெளிச்சம் வந்த வழியிலேயே போய்த் தொல்லை கொடுக்காமல் பக்கவாட்டில் வெளியேறிவிடும்.

சிக்கல் என்னவென்றால், பச்சையும் நீலமும் ஒரே வடிவம். ஒன்றில் ஒன்று 'டிக்' என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தால், உள்ளே நேர் முனைக்கும் சாய்ந்த முனைக்கும் நடுவில் காற்று இடைவெளி. வெளிச்சத்தில் பெரும் பகுதி அங்கேயே போய்விடும், முனைகளும் பாழாகலாம். ஆனாலும் சிக்னல் முழுசாக நிற்காமல் தத்தித் தத்தி வரலாம். அதுதான் இன்னும் மோசம். நெட் 'இருக்கு, ஆனா இல்லை' என்ற நிலையில் புகார் மேல் புகார் போகும்.

அடுத்தது தூசி. வெளிச்சம் போகிற பாதையே 9 மைக்ரான் என்னும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளே வழியை அடைத்துவிடும். விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றியதை ஊதி, சட்டையில் துடைத்து மாட்டுவது நம் ஊர் வழக்கம், கேசட் காலத்திலிருந்து வந்தது! ஃபைபருக்கு அது ஆகாது. கழற்றினால் அதற்கான க்ளீனரில் துடைத்துத்தான் மாட்ட வேண்டும். அழுக்கு முனையை மாட்டினால் எதிரே இருக்கும் நல்ல முனையும் அழுக்காகும்.

கனெக்டர் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதும் கூடாது. இதில் ஓடும் அகச்சிவப்பு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, விழித்திரைக்குக் கெடுதல் மட்டும் வரலாம். டெக்னீஷியன் கையில் இருக்கும் பேனா மாதிரியான சிவப்பு லேசர் வேறு. அது தெரிகிற வெளிச்சம். ஃபைபர் உடைந்த இடத்தில் அது உறைக்கு வெளியே சிவப்பாகக் கசியும்.

மடித்தால் கசியும்

ஃபைபரை உடைக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதிகமாக வளைத்தாலே போதும். சாதாரண ஃபைபருக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது கணக்கு. வீட்டுக்கென்றே வரும் வளைவு தாங்கும் ரகங்களில் 10, 7.5 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். அதற்குக் கீழே வளைத்தால் வெளிச்சம் வளைவில் திரும்பாமல் நேராக வெளியே போய்விடும்.

ரேக்கில் இது எப்படி நடக்கிறது? மஞ்சள் நிறப் பேட்ச் கார்டுகளை ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். பார்க்க நீட்டாக இருக்கும். இறுக்கிய இடத்தில் ஃபைபர் நசுங்கிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் வெல்க்ரோ பட்டை. தளர்வாகக் கட்டலாம், தேவைப்பட்டால் வெட்டாமல் பிரிக்கலாம். அரை மீட்டர் போதும் என்ற இடத்தில் மூன்று மீட்டர் கார்டைப் போட்டு, மிச்சத்தைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் திணித்துக் கதவைச் சாத்துவது இன்னொரு ரகம். கதவைச் சாத்தும்போதெல்லாம் யாரோ ஒருவருக்கு நெட் போகும். ஆள் வந்து திறந்தால் சரியாகிவிடும். "இப்ப வருதே சார்!"

இதில் ஒரு நுணுக்கம். வளைவில் நீளமான அலைவரிசைதான் முதலில் கசியும். வீட்டு ஃபைபரில் உங்களிடம் வரும் தகவல் 1490 நானோமீட்டர் வெளிச்சத்திலும், உங்களிடமிருந்து போவது 1310-லும் ஓடுகிறது. வளைவில் அதிகம் அடிபடுவது வருகிற பாதை. ஒரே ஃபைபரை 1310-லும் 1550-லும் அளந்து, 1550-ல் மட்டும் இழப்பு எகிறினால், 'எங்கேயோ மடிஞ்சிருக்கு' என்று அனுபவசாலிகள் முடிவு கட்டுவது இதை வைத்துத்தான்.

இடியாப்பத்தில் எந்த இழை?

இப்போது ஒரு அறையை நினைத்துப் பாருங்கள். ரேக்கில் 48 பேட்ச் கார்டுகள். எல்லாமே மஞ்சள். எல்லாம் பின்னிக்கொண்டு இடியாப்பம் மாதிரி. ஒன்றிலும் லேபிள் இல்லை. அதில் ஒரு கார்டு கெட்டிருக்கிறது, எது என்று தெரியாது.

டெக்னீஷியன் என்ன செய்வார்? ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். இழுத்ததில் பக்கத்தில் இருப்பது அசையும். சந்தேகத்தில் ஒன்றைக் கழற்றுவார். அது ஒரு கிளினிக்கின் லைனாக இருக்கலாம், ஏ.டி.எம். லைனாக இருக்கலாம், ஆன்லைன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையுடையதாக இருக்கலாம். தப்பு என்று தெரிந்து, துடைக்காமல் மறுபடி மாட்டுவார். ஒரு புகாரைச் சரிசெய்ய வந்தவர் மூன்று புது புகாரை உண்டாக்கிவிட்டுப் போவது இப்படித்தான். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. முதல் நாளில் லேபிள் ஒட்டாமல் போனவரின் வேலையைத்தான் இவர் சுமக்கிறார்.

ஃபைபரைக் கழற்றாமலேயே லேசாக வளைத்து, உள்ளே வெளிச்சம் ஓடுகிறதா என்று சொல்லும் கருவி உண்டு. ஆனால் அது 'ஓடுது' என்றுதான் சொல்லும், 'யாருடையது' என்று சொல்லாது. அதை லேபிள்தான் சொல்ல வேண்டும். கார்டின் இரண்டு முனையிலும் ஒட்ட வேண்டும். எந்தப் பெட்டியின் எந்த போர்ட்டிலிருந்து எங்கே போகிறது என்று இருந்தால் போதும். கஸ்டமர் பெயர் எழுதினால் அவர் வீடு மாறியதும் லேபிள் பொய்யாகிவிடும். பேனா மை வெயிலிலும் ஈரத்திலும் மங்கும் என்பதால் அச்சடித்த லேபிள் நல்லது. ரேக்கில் இருப்பவற்றிலேயே மலிவான பொருள் இதுதான். முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

'அதான் மெஷின் இருக்கே, அறுந்த தூரத்தை அது காட்டிவிடாதா?' என்று கேட்கலாம். ஓ.டி.டி.ஆர். என்ற கருவி வெளிச்சத் துடிப்பை அனுப்பி, அது சிதறித் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். கண்ணாடிக்குள் வெளிச்சத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். 10 மைக்ரோ நொடியில் திரும்பினால் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்று அர்த்தம். ரோட்டில் அறுந்ததைப் பிடிக்க அருமையான கருவி. ஆனால், கருவியை மாட்டிய கனெக்டரில் எதிரொலிக்கும் பலமான வெளிச்சத்தில் அதற்கே கண் கூசிவிடும். முதல் சில மீட்டர்கள் தெரியாது. அந்தச் சில மீட்டர்தான் ரேக்! அதைத் தாண்டிப் பார்க்க, நடுவில் தனியாக ஒரு நீளமான ஃபைபர் சுருளைச் சேர்த்து அளக்க வேண்டும்.

ஊராட்சிக்கு ஒரு ரேக்

நகரத்து அபார்ட்மென்ட்டில் ஒரு பெட்டி கெட்டால் மொபைல் டேட்டாவில் சமாளிக்கலாம். கிராமத்தில் அப்படி இல்லை. மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தை இங்கே தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம், அதாவது டான்ஃபிநெட், செயல்படுத்துகிறது. 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோவது திட்டம். கேபிள் போய்ச் சேரும் இடத்தில் ரேக், யு.பி.எஸ்., ரவுட்டர் எல்லாம் ஊராட்சிக் கட்டடத்தில் உட்காருகின்றன.

ஏ.சி. அறையில் இருக்கும் ரேக்குக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். பல்லி, எறும்பு, எலி, செம்மண் தூசி, ஜன்னல் வழியாக மழைச் சாரல்... எல்லாம் உண்டு. கேபிள் நுழையும் துளையை அடைக்காமல் விட்டால் அதுதான் எலிக்கு வாசல். பயன்படுத்தாத போர்ட்டுக்கு மூடி போடாவிட்டால், பிற்பாடு இணைப்பு கொடுக்கும்போது அந்த போர்ட் தூசி நிறைந்து தயாராக இருக்கும். கோளாறு என்றால் ஆள் பக்கத்து ஊரிலிருந்தோ மாவட்டத் தலைநகரிலிருந்தோ வர வேண்டும். வந்தவர் முன்பின் அந்த ரேக்கைப் பார்த்திராதவராக இருக்கலாம். கதவின் உள்பக்கத்தில் எந்த நிறம் எங்கே போகிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தால் அவருக்கு அரை நாள் மிச்சம். ஊருக்கும்தான்.

உங்கள் வீட்டு எண் என்ன?

வெளிச்சத்தின் அளவை 'டிபிஎம்' என்ற அலகில் சொல்வார்கள். மைனஸில் வரும். எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். ஒரு உதாரணக் கணக்கு பார்க்கலாம். ஆபரேட்டர் பக்கம் 3 டிபிஎம்-ல் கிளம்புகிறது. ஒரே ஃபைபரை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் 17.5 டெசிபல் போகும். 5 கிலோமீட்டர் கேபிளில் 1.3. நாலு கனெக்டரில் 1.2. ஆறு ஒட்டில் 0.3. வீட்டுக்கு வந்து சேர்வது மைனஸ் 17.3.

இன்று பரவலாக இருக்கும் ஜிபான் வகைப் பெட்டிகள் மைனஸ் 27 வரை தாக்குப்பிடிக்கும். அது ஒரு மில்லிவாட்டில் ஐந்நூறில் ஒரு பங்கு வெளிச்சம்! ஆக, நடுவில் கிட்டத்தட்ட 10 டெசிபல் கையிருப்பு இருக்கிறது. அழுக்குக் கனெக்டர் ஒன்று, இறுக்கிய கேபிள் டை ஒன்று, நசுங்கிய கார்டு ஒன்று என்று அந்தக் கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். மைனஸ் 26-ல் ஓடும் வீட்டில் இன்றைக்கு நெட் நன்றாகத்தான் வரும். கேபிள் கொஞ்சம் அசைந்தால் நாளைக்குச் சிவப்பு விளக்கு.

இணைப்பு கொடுக்க வரும் டெக்னீஷியனிடம் பவர் மீட்டர் இருக்கும். பல வைஃபை பெட்டிகளின் செட்டிங்ஸ் பக்கத்திலும் இந்த எண் தெரியும். அதைக் கேட்டு, தேதியோடு பெட்டியின் அடியில் எழுதி ஒட்டிவையுங்கள். டி.வி. அலமாரிக்குப் பின்னால் ஃபைபர் மடிந்து கிடந்தால், உள்ளங்கை அகல வட்டமாகச் சுற்றி மாட்டிவிடுங்கள். கழற்றி மாட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து நெட் தத்தளிக்கும்போது, "ஜனவரியில மைனஸ் 19 இருந்துச்சு, இப்ப மைனஸ் 24" என்று சொன்னால், வந்திருப்பவர் உங்கள் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்ல மாட்டார். நேராகப் போய்ப் பெட்டியைத் திறப்பார்.